மே மாத வெயிலில் வெண்ணெய் கேக்: விருந்துக்கு எதைச் செய்யலாம்?

கேள்வியின் சுருக்கம் இதுதான். மே மாதம் சென்னை வீட்டில் பன்னிரண்டு பேருக்கு இரவு விருந்து. சாப்பாடு முடிந்ததும் கொடுக்க, கடை க்ரீம் கேக் இல்லாமல், வெண்ணெயும் முட்டையும் தாராளமாகப் போட்ட கேக் ஒன்றை வீட்டிலேயே செய்ய ஆசை. வெளிநாட்டு வீடியோ பார்த்து முன்பு செய்தபோது கலவை திரிந்துவிட்டது. வெந்த கேக்கின் அடியில் ஈரமாக ஒரு பட்டை, தொட்டால் கையெல்லாம் எண்ணெய். வீட்டில் ஓடிஜி (சின்ன மின் அடுப்புப் பெட்டி) இருக்கிறது. வருகிறவர்களில் இருவர் முட்டை சாப்பிட மாட்டார்கள். என்ன செய்யலாம்?

அந்த ரெசிபியில் தப்பு இருக்க வாய்ப்பு குறைவு. அது குளிர்ந்த சமையலறைக்காக எழுதப்பட்டது, அவ்வளவுதான். அந்த ஊர்களில் "அறை வெப்பநிலையில் இருக்கும் வெண்ணெய்" என்று சொன்னால் 18 முதல் 20 டிகிரி வரை உள்ள வெண்ணெய். விரலால் அழுத்தினால் பள்ளம் விழும், ஆனால் பளபளக்காது, வழுக்காது. மே மாதத்தில் அடுப்பு எரிகிற சென்னைச் சமையலறை 34, 35 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும். வெண்ணெய்க் கொழுப்பு கிட்டத்தட்ட முழுதாக உருகுவதும் அந்த அளவில்தான். காலையில் வெண்ணெயை வெளியே எடுத்து வைத்துவிட்டுப் பதினோரு மணிக்கு அடிக்க உட்கார்ந்தால், பாத்திரத்தில் இருப்பது பாதி எண்ணெய்.

அது ஏன் முக்கியம்? சர்க்கரையையும் வெண்ணெயையும் சேர்த்து அடிக்கும்போது சர்க்கரைத் துகள்களின் கூரான விளிம்புகள் வெண்ணெய்க்குள் நுண்ணிய காற்றறைகளை உண்டாக்குகின்றன. அந்தக் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ள வெண்ணெய் இளகிய திடமாக இருக்க வேண்டும். உருகிவிட்டால் காற்று நிற்காது. பேக்கிங் பவுடர் இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளாதா என்று கேட்கலாம். பார்த்துக்கொள்ளாது. பேக்கிங் பவுடர் புதிதாகக் குமிழி எதையும் உண்டாக்குவதில்லை. நீங்கள் அடித்து உள்ளே ஏற்றிய குமிழிகளைப் பெரிதாக்குகிறது, அவ்வளவே. இங்கிலாந்தில் ஆல்ஃபிரட் பேர்ட் என்பவர் 1843-இல் பேக்கிங் பவுடரைக் கண்டுபிடிப்பதற்கு வெகு காலம் முன்பே பவுண்ட் கேக் வழக்கத்தில் இருந்தது. வெண்ணெய், சர்க்கரை, முட்டை, மாவு நான்கும் சம எடை. எழும்புவதற்கு அடித்து ஏற்றிய காற்றைத் தவிர வேறு துணை கிடையாது.

ஆகவே உங்களுக்கு இரண்டு வழிகள். ஒன்று, சமையலறையைக் கேக்கின் குளிருக்குக் கொண்டுவருவது. இரண்டாவது, வெப்ப நாட்டிலேயே பிறந்த, இந்தத் தொல்லையே இல்லாத கேக்கைச் செய்வது. மே மாத விருந்துக்கு என் ஓட்டு இரண்டாவதற்குத்தான். ஆனால் கேள்வி வெண்ணெய் கேக்கில் தொடங்கியது என்பதால் அதை முதலில் முடித்துவிடுவோம். அடிப்படை தெரிந்துகொண்டால் டிசம்பரிலாவது உதவும்.

வெண்ணெயை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அரை அங்குலத் துண்டுகளாக நறுக்கிப் பத்து நிமிடம் விட்டால் போதும். கோடையில் அதற்கு மேல் வேண்டாம். அடிக்கும் பாத்திரம் எவர்சில்வராக இருந்தால் நல்லது, கீழே ஐஸ் தண்ணீர்த் தட்டில் அவ்வப்போது வைத்து எடுக்கலாம். பீட்டர் சுழல்கிற உராய்விலேயே வெண்ணெய் இரண்டு மூன்று டிகிரி சூடாகும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். ஏசி அறை இருந்தால் மிக்ஸரையும் சாமானையும் அங்கே தூக்கிக்கொண்டு போய்விடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. சர்க்கரை சேர்த்து மிதமான வேகத்தில் ஐந்து நிமிடம் அடித்தால் நிறம் வெளுத்து, கரண்டியில் எடுத்தால் நின்று பிடிக்கும். பளபளப்பாக, தளர்வாக ஆகிவிட்டதா? பாத்திரத்தோடு பத்து நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு மறுபடி அடியுங்கள். கொடைக்கானலிலோ ஊட்டியிலோ இருப்பவர்களுக்கு இதற்கு நேர்மாறான தொல்லை. அவர்கள் பாத்திரத்தை வெந்நீர் ஆவியில் காட்ட வேண்டியிருக்கும்.

இப்போது முட்டை. கலவை திரிந்ததற்குக் காரணம் இங்கேதான். முட்டையில் முக்கால் பங்கு தண்ணீர். வெண்ணெயில் 80 சதவீதம் கொழுப்பு. இவை இரண்டும் தாமாகச் சேராது, மஞ்சள் கருவில் உள்ள லெசித்தின்தான் சேர்த்துப் பிடிக்கிறது. ஒரேயடியாக நான்கு முட்டையை ஊற்றினால் அதனால் சமாளிக்க முடியாது. மோர்க்குழம்பில் சூடு ஏறி மோர் திரிவதுபோலக் கலவை துளித்துளியாகப் பிரிந்துவிடும். முட்டைகளைத் தனியாக ஒரு கிண்ணத்தில் முள்கரண்டியால் கலக்கி, இரண்டு மேசைக்கரண்டியாக ஊற்றி, ஒவ்வொரு தடவையும் முழுதாகக் கலந்த பிறகு அடுத்ததை ஊற்றுங்கள். நான்கு முட்டைக்கு இது ஏழெட்டு நிமிட வேலை. பொறுமையாகச் செய்ய வேண்டிய கட்டம் இது ஒன்றுதான். முட்டை ஐஸ் மாதிரி இருந்தால் வெண்ணெய் சட்டென்று இறுகித் திரியும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அரை மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். எல்லாம் பார்த்தும் கடைசியில் லேசாகத் திரிந்தால் அளந்து வைத்த மைதாவிலிருந்து ஒரு கரண்டி போட்டு அடியுங்கள், பெரும்பாலும் சேர்ந்துகொள்ளும்.

அளவுகள் பற்றி ஒரு வார்த்தை. கப் கணக்கை விட்டுவிடுங்கள். ஒரே கப்பில் மைதாவைத் தளர்வாக எடுத்தால் 120 கிராம், அமுக்கி எடுத்தால் 150 கிராம். வெண்ணெய் அதிகமாகப் போடும் கேக்கில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். சமையலறைத் தராசு ஒன்று வாங்கினால் பல வருடம் உழைக்கும். முட்டையையும் எடை போடுங்கள். நம் கடை முட்டை ஓட்டோடு 50 முதல் 55 கிராம்தான் இருக்கும். வெளிநாட்டு ரெசிபிகளில் சொல்லும் பெரிய முட்டை ஓடு நீக்கியே 50 கிராம். நான்கு முட்டை என்று எழுதியிருந்தால் ஓடு நீக்கி 200 கிராம் என்று புரிந்துகொள்ளுங்கள். அதற்கு நம் முட்டை நான்கு போதாமல் ஐந்தாவதில் கொஞ்சம் தேவைப்படலாம்.

நம் சர்க்கரை பெரிய மணி. அப்படியே போட்டால் கரையாமல் கேக்கின் மேல் புள்ளி புள்ளியாகத் தெரியும். மிக்ஸியில் இரண்டு மூன்று முறை விட்டு விட்டு ஓட்டுங்கள், கையில் எடுத்தால் நைஸ் ரவை போல நரநரவென்று இருக்க வேண்டும். மாவாகப் பொடித்துவிட்டால் காற்றை ஏற்ற விளிம்பே இருக்காது. கடையில் விற்கும் ஐசிங் சுகரும் இதற்கு ஆகாது, அதில் சோள மாவு கலந்திருக்கும்.

வெண்ணெய் எது? உப்பில்லாதது. ஆவினில் சமையல் வெண்ணெய் என்று கேளுங்கள், அதில் உப்பு இல்லை. அமுலிலும் உப்பில்லாதது தனியாக வருகிறது. ரொட்டியில் தடவும் மஞ்சள் வெண்ணெயில் உப்பு உண்டு. 200 கிராமுக்கு மேல் போடுகிற கேக்கில் அது நன்றாகவே நாக்கில் தெரியும். வீட்டில் கடைந்த வெண்ணெய் மணத்தில் முதலிடம், ஆனால் மோரும் தண்ணீரும் எவ்வளவு தங்கியிருக்கிறது என்று சொல்ல முடியாது. பலமுறை கழுவிப் பிழிந்து, குளிர வைத்துப் பயன்படுத்தலாம். நெய் கிட்டத்தட்ட முழுவதும் கொழுப்பு, தண்ணீர் இல்லை. 100 கிராம் வெண்ணெய்க்குப் பதில் 80 கிராம் நெய், 20 மி.லி. பால் என்று மாற்றிக்கொள்ள வேண்டும். மணம் அருமையாக இருக்கும், ஆனால் சாப்பிடுகிறவர்கள் மைசூர்பாகை நினைப்பார்கள். வனஸ்பதியும் மார்ஜரினும் வெயிலுக்குத் தாங்கும், காற்றும் நன்றாகப் பிடிக்கும். கடைகள் அதைப் பயன்படுத்துவதற்கு விலையோடு இதுவும் ஒரு காரணம். வாயில் மெழுகு படிந்த மாதிரி இருப்பதால் வீட்டுக் கேக்கில் நான் சேர்ப்பதில்லை.

சரி, அளவைச் சொல்கிறேன். 7 அங்குல வட்டம், 3 அங்குல உயரம் உள்ள டின்னுக்கு உப்பில்லாத வெண்ணெய் 220 கிராம், சர்க்கரை 200 கிராம், ஓடு நீக்கிய முட்டை 200 கிராம், மைதா 200 கிராம், பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி தலைதட்டி, உப்பு கால் தேக்கரண்டி, பால் இரண்டு மேசைக்கரண்டி, வெனிலா ஒரு தேக்கரண்டி. மைதாவில் 40 கிராமைக் குறைத்து அதே எடைக்குப் பாதாம் பொடி போட்டால் கேக் இன்னும் ஈரமாக, மறுநாளும் மெத்தென்று இருக்கும். நான் அப்படித்தான் செய்வேன். மைதாவை இரண்டு முறை சலித்து, மூன்று பங்காகப் பிரித்து, பீட்டரை ஒதுக்கிவிட்டு ஸ்பாட்டுலாவால் கலக்குங்கள். வெள்ளைத் தூள் மறைந்த நொடியில் நிறுத்துங்கள். மைதா போட்ட பிறகு மெஷினால் அடித்துக்கொண்டே இருந்தால் மைதாவின் பசைப் புரதமான குளூட்டன் வளர்ந்து கேக் ரப்பராகும்.

ஓடிஜியின் குமிழ் காட்டும் டிகிரியை நம்பாதீர்கள். 160 என்று வைத்தால் உள்ளே 140-ஆகவும் இருக்கலாம், 185-ஆகவும் இருக்கலாம். சில நூறு ரூபாய்க்கு ஓவன் தெர்மாமீட்டர் கிடைக்கிறது, அதை உள்ளே கம்பித் தட்டில் வைத்துவிட்டால் சந்தேகம் தீரும். இந்தக் கேக்குக்கு நிஜமான 160 டிகிரி வேண்டும். பதினைந்து நிமிடம் முன்கூட்டியே சூடாக்கி, மேல் கம்பி கீழ்க் கம்பி இரண்டையும் போட்டு, டின்னை நடுத்தட்டுக்கு ஒரு படி கீழே வையுங்கள். சின்ன ஓடிஜியில் மேல் கம்பி மிக நெருக்கத்தில் இருப்பதால் நாற்பதாவது நிமிடம் மேற்பகுதி கறுக்கத் தொடங்கும். அப்போது ஒரு அலுமினியத் தாளைத் தளர்வாக மேலே போட்டுவிடலாம். மொத்தம் 55 முதல் 65 நிமிடம். முதல் 40 நிமிடம் கதவைத் திறக்க வேண்டாம். இடையில் கரண்ட் போனாலும் திறக்காமல் விடுங்கள், பத்து நிமிடம் வரை உள்சூடே தாங்கும். மைக்ரோவேவ் கன்வெக்‌ஷனில் செய்பவர்கள் 10, 15 டிகிரி குறைத்து வைக்கலாம், அதில் காற்று சுழல்வதால் சீக்கிரம் நிறம் ஏறும்.

நடுவில் குச்சி விட்டுப் பார்த்தால் ஈர மாவு ஒட்டக் கூடாது, ஓரிரு பொடி ஒட்டினால் பரவாயில்லை. அடியில் ஈரப் பட்டை வந்ததற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம்: கலவை திரிந்து தண்ணீர் கீழே இறங்கியது, வெண்ணெய் உருகி எண்ணெயாக அடியில் தேங்கியது, அல்லது கேக் முழுதாக வேகவில்லை. நீங்கள் சொன்ன கைப்பிசுக்கைப் பார்த்தால் முதல் இரண்டும் சேர்ந்தே நடந்திருக்கிறது. மேலே நடுவில் வெடிப்பது குறையே அல்ல. ஓரங்கள் முதலில் இறுகி நடுப்பகுதி கடைசியாக எழும்புவதால் பெரும்பாலான வெண்ணெய் கேக்குகள் அப்படித்தான் வெடிக்கும். சமமாகத்தான் வேண்டும் என்று அதைச் சீவித் தள்ளுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும், இருப்பதிலேயே ருசியான இடம் அந்த வெடிப்பின் ஓரம்தான்.

அடுத்து உங்கள் விருந்துக்கு நான் சொல்லும் கேக்குக்கு வருகிறேன். இலங்கையின் லவ் கேக். போர்த்துக்கீசியர் 1505-இல் இலங்கைக்கு வந்து, பிறகு ஒன்றரை நூற்றாண்டுக் காலம் அங்கே இருந்தார்கள். மஞ்சள் கருவையும் பாதாம் போன்ற பருப்புகளையும் அள்ளிப் போடும் அவர்களுடைய இனிப்புப் பழக்கம், உள்ளூர்க் கறுவாவோடும் முந்திரியோடும் கலந்து உண்டான கேக் இது என்று சொல்வார்கள். பறங்கியர் (அங்குள்ள ஐரோப்பிய வம்சாவளியினர்) வீடுகளில் கிறிஸ்துமசுக்குக் கட்டாயம் இருக்கும். தமிழ், சிங்கள வீடுகளிலும் பிறந்தநாளுக்கும் பண்டிகைக்கும் செய்கிறார்கள். முந்திரி மரமே போர்த்துக்கீசியர் பிரேசிலிலிருந்து இந்தப் பக்கம் கொண்டுவந்ததுதான்.

இந்தக் கேக்கில் மைதா இல்லை, ரவைதான். வெண்ணெயைக் காற்றேற்றி அடிக்கும் கட்டமே கிடையாது, இளஞ்சூடான ரவையில் வெண்ணெயைப் பிசறிவிடுகிறோம். அதனால் சமையலறை 35 டிகிரியில் இருந்தாலும் இந்தக் கேக்குக்குக் கவலையில்லை. பஞ்சுபோல எழும்ப வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் இல்லை. மேலே மொறுமொறுவென்று பழுப்பு ஓடு, உள்ளே ஈரமாக, லேசாகப் பிசுபிசுத்து, ரோஜாவும் ஏலமும் மணக்க இருப்பதுதான் இதன் அழகு.

7 அங்குலச் சதுர டின்னுக்கு: நைஸ் ரவை 125 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 125 கிராம், பொடித்த சர்க்கரை 200 கிராம், மஞ்சள் கரு 6, வெள்ளைக் கரு 2, முந்திரி 125 கிராம், தேன் இரண்டு மேசைக்கரண்டி, பன்னீர் (ரோஸ் வாட்டர்) ஒரு மேசைக்கரண்டி, ஏலக்காய்த் தூள் அரைத் தேக்கரண்டி, பட்டைத் தூள் கால் தேக்கரண்டி, ஜாதிக்காய் துருவியது இரண்டு சிட்டிகை, ஒரு எலுமிச்சையின் தோலை மெல்லியதாகத் துருவியது. பன்னீர் வாங்கும்போது சமையலுக்கானதுதானா என்று பார்த்து வாங்குங்கள், கல்யாணத்தில் தெளிக்கும் பன்னீர் இதற்கு வேண்டாம். பழைய வழக்கத்தில் சர்க்கரை ரவையைப் போல இரண்டு மடங்கு, அதாவது 250 கிராம் போடுவார்கள். நான் குறைத்திருக்கிறேன். இதற்கும் கீழே போனால் மேல் ஓடு சரியாக வராது. அங்கே புஹுல் தோசி என்று நீற்றுப்பூசணியைச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்த துண்டுகளையும் நறுக்கிச் சேர்ப்பார்கள். நம் ஊரில் கிடைக்கும் வட இந்திய பேட்டா மிட்டாய் ஏறத்தாழ அதேதான். 50 கிராம் பொடியாக நறுக்கிப் போட்டால் மெல்லும்போது இடையிடையே ஜூஸாக வரும்.

ரவையைச் சிறு தீயில் மணம் வரும்வரை மட்டும் வறுங்கள், சிவக்கக் கூடாது. சூடு பாதி தணிந்ததும் வெண்ணெயைப் போட்டுப் பிசறி அரை மணி நேரம் விடுங்கள், ரவை கொழுப்பைக் குடித்து ஊறட்டும். முந்திரியைக் கத்தியால் பொடியாக நறுக்குங்கள். மிக்ஸியில் போட்டால் பாதி மாவாகி எண்ணெய் விடும், கடிபடவும் ஒன்றும் இருக்காது. மஞ்சள் கருவையும் சர்க்கரையையும் வெளுத்துக் கெட்டியாகும்வரை பத்து நிமிடம் அடித்து, அதில் ரவைக் கலவை, முந்திரி, தேன், பன்னீர், மசாலாத் தூள்கள் எல்லாம் சேர்க்க வேண்டும். கடைசியாக வெள்ளைக் கருவைத் தனியே நுரைக்க அடித்து, மூன்று தடவையாக மெதுவாக மடித்துச் சேருங்கள். டின்னில் பட்டர் பேப்பரை இரண்டடுக்காகப் போட வேண்டும். அடியில் பழுப்புத் தாள் ஒரு அடுக்கு கூட இருந்தால் இன்னும் நல்லது. தேனும் சர்க்கரையும் இவ்வளவு இருப்பதால் அடி கருகுவது சுலபம். 150 டிகிரியில் ஒரு மணி முதல் ஒன்றேகால் மணி நேரம். இதற்குக் குச்சிச் சோதனை செல்லாது, உள்ளே ஈரம் இருக்கத்தான் வேண்டும். மேற்புறம் நல்ல பழுப்பாகி, டின்னை ஆட்டினால் நடுப்பகுதி தளும்பாமல் இருந்தால் எடுத்துவிடலாம். டின்னிலேயே முழுக்க ஆறவிட்டுப் பிறகு வெட்டுங்கள். சூட்டில் வெட்டினால் உதிர்ந்து போகும்.

நான்கு வெள்ளைக் கரு மிச்சமாகும். அதோடு கொஞ்சம் முந்திரியும் சர்க்கரையும் இருந்தால் தூத்துக்குடி மக்ரூன் செய்துவிடலாம், அதற்கு வேண்டியது அந்த மூன்றும்தான். ஆனால் விருந்து நாளில் இரண்டு வேலையை இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டாம். வெள்ளைக் கருவை மூடி போட்ட டப்பாவில் ஃப்ரீசரில் வைத்தால் கெடாது.

குழந்தைகள் அதிகம் வருகிறார்கள், சாக்லேட் இல்லாமல் முடியாது என்றால் அதற்கும் வெயிலைப் பொருட்படுத்தாத ஒரு கேக் உண்டு. டார்க் சாக்லேட் 200 கிராம், வெண்ணெய் 150 கிராம் இரண்டையும் வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து உருக்கி, ஆறியதும் நான்கு மஞ்சள் கரு, 75 கிராம் சர்க்கரை, 50 கிராம் பாதாம் பொடி, ஒரு சிட்டிகை உப்பு. நான்கு வெள்ளைக் கருவை இன்னொரு 75 கிராம் சர்க்கரையோடு நுரைக்க அடித்து மடித்துச் சேர்த்து, 8 அங்குல டின்னில் 160 டிகிரியில் 35 நிமிடம். ஆறும்போது நடுவில் அமுங்கி மேலே விரிசல் விடும், அது அதன் இயல்பு. சாக்லேட் வாங்கும்போது பொருள் பட்டியலில் கோக்கோ பட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். காம்பவுண்ட் என்று விற்பதில் அதற்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்பு இருக்கும். அலங்காரத்துக்கு ஆகும், சாக்லேட்டே பிரதானமான இந்த மாதிரிக் கேக்குக்கு ஆகாது.

பழக் கேக்கைப் பற்றியும் பலர் கேட்பார்கள் என்பதால் இரண்டு வரி. பழத்தை ஊறவைக்கவே ஒரு வாரமாவது வேண்டும், வெந்த பிறகும் சில வாரம் கிடந்தால்தான் ருசி ஏறும், ஆகவே இந்த விருந்துக்கு நேரமில்லை. வெளிநாட்டு ரெசிபியை அச்சடித்தபடியே பின்பற்ற நினைப்பவர்களுக்கு ஒரு கதை மட்டும் சொல்கிறேன். 1883-இல் தலச்சேரியில் மர்டாக் பிரவுன் என்ற தோட்ட முதலாளி, இங்கிலாந்துக் கேக் ஒன்றைக் காட்டி இதைப்போல் செய்து தர முடியுமா என்று மாம்பள்ளி பாபு என்ற பேக்கரிக்காரரிடம் கேட்டதாகக் கேரளத்தில் சொல்வார்கள். துரை பிராந்தி வாங்கச் சொன்னாராம், பாபு உள்ளூர்ச் சாராயத்தையே ஊற்றிச் செய்து முடித்தாராம். துரைக்கு அது பிடித்துப்போய் ஒரு டஜன் கேட்டார் என்று கதை முடியும்.

முட்டை சாப்பிடாத இருவருக்குத் தனியாகச் சின்னதாக ஒன்று செய்வதுதான் மரியாதை. எல்லோருக்குமே முட்டையில்லாமல் செய்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். முட்டையை எடுத்துவிட்டுத் தயிரை ஊற்றினால் வெண்ணெய் கேக் அதே கேக்காக இருக்காது. முட்டை இல்லாமல் கனமான ருசி வேண்டும் என்றால் கண்டென்ஸ்டு மில்க்தான் சரியான வழி. 200 கிராம் கண்டென்ஸ்டு மில்க், உருக்கிய வெண்ணெய் 50 கிராம், மைதா 100 கிராம், பேக்கிங் பவுடர் அரைத் தேக்கரண்டி, சமையல் சோடா கால் தேக்கரண்டி, பால் 75 மி.லி., வினிகர் ஒரு தேக்கரண்டி. வினிகரைக் கடைசியில் சேர்த்து, தாமதிக்காமல் 170 டிகிரியில் வையுங்கள். 6 அங்குல டின்னில் 30 முதல் 35 நிமிடம். சோடாவும் புளிப்பும் சேர்ந்த நொடியிலேயே வேலையைத் தொடங்கிவிடுவதால் மாவு காத்திருக்கக் கூடாது. இதிலும் ஏலமும் பன்னீரும் போட்டுவிட்டால் மேசையில் இரண்டு கேக்கும் உறவுக்காரர்கள் மாதிரித் தெரியும், அந்த இருவருக்கும் தனிப்பந்தி போட்ட உணர்வு வராது. கத்தியையும் தட்டையும் மட்டும் தனியாக வைத்துவிடுங்கள்.

பரிமாறும் விஷயத்தில் என் கட்சி கண்டிப்பானது. இந்த மாதிரிக் கேக்குக்கு ஐசிங் தேவையில்லை. பட்டர்க்ரீம் மே மாத இரவில் மேசையிலேயே வழியும். கடையில் ஃப்ரெஷ் க்ரீம் என்று டப்பாவில் வருவதில் கொழுப்பு 25 சதவீதம்தான், எவ்வளவு அடித்தாலும் கெட்டியாக நிற்காது. பிரியாணிக்குப் பிறகு கொடுக்கப் போகிறீர்கள் என்றால் லவ் கேக்கை ஒன்றரை அங்குலச் சதுரங்களாக வெட்டுங்கள், ஒருவருக்கு ஒன்று, வேண்டுபவர்கள் இன்னொன்று எடுத்துக்கொள்ளட்டும். 7 அங்குல டின்னில் பதினாறு துண்டுகளுக்குக் குறையாமல் வரும். பக்கத்தில் இனிப்பில்லாத, புளிப்பான ஏதாவது இருந்தால் நாக்கு தெளியும். துணியில் கட்டித் தொங்கவிட்ட தயிரை லேசாக அடித்து ஒரு கரண்டி வைக்கலாம். மாம்பழ சீசன்தான், ஆனால் பங்கனப்பள்ளியை வைத்தால் இனிப்பின் மேல் இனிப்பு. கொஞ்சம் புளிப்புள்ள பழமாகப் பார்த்து வாங்குங்கள். அப்புறம் சர்க்கரை குறைத்த டிகிரி காபி. ஐஸ்க்ரீம் வேண்டாம், லவ் கேக்கின் மணத்தைக் குளிர் அமுக்கிவிடும்.

சனிக்கிழமை இரவு விருந்து என்று வைத்துக்கொண்டால், லவ் கேக்கை வியாழன் இரவே செய்துவிடுங்கள். இரண்டு நாளில் தேனும் மசாலாவும் உள்ளே பரவி ருசி கூடும். வெட்டாமல் பட்டர் பேப்பரில் சுற்றிக் காற்றுப் புகாத டப்பாவில் வைக்கலாம். மே மாதம் என்பதால் வெளியில் இரண்டு நாளுக்கு மேல் வேண்டாம், மிச்சம் இருந்தால் ஃப்ரிட்ஜ். முட்டையில்லாத கேக்கை வெள்ளிக்கிழமை செய்யலாம். வெண்ணெய் கேக்தான் செய்வேன் என்று முடிவெடுத்தால் வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கே, வெயில் ஏறுவதற்குள் அடித்து முடித்துவிடுங்கள். அதையும் மறுநாள் சாப்பிடுவதுதான் நல்லது. ஃப்ரிட்ஜில் வைத்த எந்த வெண்ணெய் கேக்கையும் பரிமாறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு வெளியே எடுத்துவிட வேண்டும். குளிரில் வெண்ணெய் மறுபடி இறுகிவிடுவதால் நேராக எடுத்துக் கொடுத்தால் காய்ந்த கேக் என்றுதான் சொல்வார்கள்.